இருபத்தைந்து மணித்தியாலம் தனியாக

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புகிறவள் நான். சமைக்க ஆள் மாறும், பனி தள்ள ஆள் மாறும், படிவத்துக்கு மட்டும் ஆள் மாறாது. ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய காலத்தில் பார்க்டேலில் ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பங்கள் இருந்தோம். மூன்று குடும்பத்துக்கும் அகதி விண்ணப்பம் நிரப்பியது என் கைதான். எனக்கு இங்கிலீஷ் பெரிதாகத் தெரியும் என்பதல்ல காரணம். எதை எழுதக்கூடாது என்று தெரியும். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வரி கூடுதலாக எழுதினால் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும், அந்தப் பத்தில் ஒன்று நம்மைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எல்லோரும் பயந்து கிடந்த காலம் அது. இன்றைக்கு எங்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது, வீடு இருக்கிறது, வளர்ந்த மகள் இருக்கிறாள். ஆனால் ஒரு படிவத்தை முன்னால் வைத்தால் என் கை இன்னும் அந்தப் பார்க்டேல் வீட்டுக் கைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கணவர் ஒரு விமானம் கட்டினார். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள், பெட்டி பெட்டியாக வந்த துண்டுகளை வைத்து, ஏழு வருஷமாக ஒரு விமானத்தைக் கட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒரு எஞ்சின், வாலுக்குக் கீழே தரையில் உருள ஒரு சின்னச் சில்லு. மனிசன் நகரத்துப் பஸ்களைத் திருத்துகிற மெக்கானிக். பகல் முழுக்க எஞ்சினோடு மாரடித்துவிட்டு வந்து, சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் மறுபடி எஞ்சினிடம் போவார். ஏழு பனிக்காலமும் எங்கள் கார் வெளியில் நின்றது. விடியற்காலையில் கண்ணாடி ஐஸைச் சுரண்டிச் சுரண்டி நான் திட்டாத திட்டு இல்லை. இறக்கைகள் இரண்டும் பேஸ்மென்ற் கூரையில் தொங்கின. மகளின் பிறந்தநாளுக்கு வந்த சனம் இறக்கைக்குக் கீழே குனிந்து குனிந்து போய் ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டது.

வந்தவர்களில் பாதிப்பேர், "உது பறக்குமோ?" என்று கேட்டார்கள். மற்றப் பாதிப்பேர், "உதுக்கு லைசென்ஸ் வேண்டாமோ?" என்று கேட்டார்கள்.

கட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதுதான் என்னை முதலில் பயப்படுத்திய விஷயம். பாதிக்கு மேல் உன் கையால் செய்திருக்க வேண்டும், தகடு போட்டு மூடுவதற்கு முன் ஒரு பரிசோதகர் வந்து உள்ளே பார்ப்பார், முடிந்த பிறகு இன்னொரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான். பறப்பதற்குத்தான் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதிலும் மூன்று படி உண்டு. அடிப்படியில் இருப்பது மிக இலேசான விமானங்களுக்கு. வீட்டில் கட்டியது என்ற வகையில் பதிந்த எங்கள் விமானத்துக்கு அது செல்லாது. நடுப்படி, பொழுதுபோக்குக்குப் பறக்கிறவர்களுக்கான அனுமதி. பகலில் மட்டும் பறக்கலாம், ஒரே ஒரு ஆளை மட்டும் ஏற்றலாம். அதற்கு மேலே முழு லைசென்ஸ். இவர் முழு லைசென்ஸுக்கே போவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படிக்கப் பஞ்சி, சோம்பல் என்று சொல்கிற ஆளில்லை.

"நடுவிலை இருக்கிறது காணும்," என்றார். "இரவிலை பறந்து நான் ஆரைப் பாக்கப் போறன்?"

காரணம் இரவு இல்லை. முழு லைசென்ஸ் வேண்டுமென்றால் அரசாங்கம் குறித்த டொக்டர் ஒருவர் ஆளை இருத்தி, படுக்கவைத்து, இதயத்துக்கு வயர் கொழுவிப் பரிசோதிப்பார். நடுப்படிக்கு அது இல்லை. உன் உடம்பைப் பற்றி நீயே ஒரு படிவம் நிரப்பி, உன் குடும்ப டொக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் போதும். என் கணவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. அது மட்டும் ஒரு தடையில்லை, டொக்டருக்கும் அது தெரியும். தடையாக வரக்கூடியது வேறொன்று. அது எனக்கும் அவருக்கும் கோயில் சனத்துக்கும் மட்டும் தெரியும்.

முந்திய கந்தசஷ்டிக்கு நடந்தது அது. ஆறு நாள் விரதம். இவர் பகலில் தண்ணீர் மட்டும் குடிப்பார், பின்னேரம் கோயிலால் வந்து பாலும் பழமும். நான் சொல்லி அவர் கேட்டது கிடையாது. காலையில் சீனிக் குளிசையை மட்டும் ஒருநாளும் விடமாட்டார், ஏனென்றால் டொக்டர், "எந்தக் காரணத்துக்காகவும் குளிசையை நிப்பாட்டக்கூடாது" என்று சொல்லியிருந்தார். சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போட்டால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் என்று டொக்டர் சொல்லவில்லை. ஒரு மனிசன் ஆறு நாள் பட்டினி கிடப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விரதத்தை நாங்கள் டொக்டரிடம் சொல்லுகிற வழக்கமில்லை. டொக்டருக்குக் குளிசையும் முருகனுக்கு விரதமுமாக, இவர் இரண்டு பேரையும் பகைக்காமல் நடந்தார். ஐந்தாம் நாள் பூசைக்கு வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து, வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்கிற தட்டில் தலை அடிபட விழுந்தார்.

யாரோ திருநீறு பூசினார்கள். யாரோ பஞ்சாமிர்தத்தை வாயில் தீத்தினார்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து இருந்தார். பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர் என் தோளைத் தட்டி, "ஏன் பிள்ளை அழுகிறாய்? விரதத்திலை விழுறதுக்கும் குடுத்து வைச்சிருக்கவேணும்," என்றார். எங்கள் சனத்தில் விரதத்தில் மயங்குவதை வருத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பால் குடித்துவிட்டு, அடுத்த நாள் சூரன்போர் பார்க்கப் போனோம்.

தை மாதத்தில் அந்தப் படிவம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேள்வியை வாசிக்க, அவர் பதில் சொல்ல, நான் கோடு போட்டேன். சீனி வருத்தம், ஓம். கண்ணாடி, ஓம். காது, நெஞ்சு, மூச்சு, எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. அடுத்த கேள்வி, எப்போதாவது மயக்கம் அல்லது நினைவு தப்புதல் வந்ததா?

"இல்லை எண்டு போடும்," என்றார்.

"கோயிலிலை விழுந்தனீங்கள்."

"உது மயக்கமே? உது விரதம்."

"விழுந்தால் விழுந்ததுதானேப்பா."

"இஞ்சை பாரும். நீர் ஓம் எண்டு போட்டால் தலையை ஸ்கான் பண்ணு, நெஞ்சை ஸ்கான் பண்ணு எண்டு ரெண்டு வருஷம் இழுப்பாங்கள். பிறகு இல்லை எண்டுவாங்கள். ஏழு வருஷம் கராஜுக்கை கிடந்து மாரடிச்சது என்னத்துக்கு?"

அவர் என் கையைப் பிடித்துக் கோடு போடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பார்க்டேல் வீட்டில் பழகிய அந்தக் கை தானாகப் போய் ‘இல்லை’யில் நின்றது. விரதத்தைப் பற்றியா கேட்டார்கள்? கேட்கவில்லையே. கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்? டொக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் அதை உறையில் போட்டு ஒட்டி, பிளாசாவுக்குப் போய் நானே அனுப்பினேன்.

வசந்தம் வந்ததும் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். நகரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன விமானத்தளம். அங்கே கற்றுத்தந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், சிரிப்பு என்பதே கிடையாது. சட்டம் கேட்ட மணித்தியாலம் ஒன்று. வால்சில்லு விமானம் ஓட்ட இன்சூரன்ஸ்காரன் கேட்ட மணித்தியாலம் அதற்கு மேலே. இரண்டையும் இவர் முடித்தார். எழுத்துச் சோதனையில் ஒரே தரத்தில் பாஸ். பறந்து காட்டும் சோதனையிலும் பாஸ். அனுமதி கையில் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் எண்ணெய் பூசினேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய சனம் நாங்கள். அதில் ஒருவன் தானே ஒன்றைக் கட்டி ஓட்டுகிறான் என்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கோடு கிடந்தது, நான் போட்ட கோடு. இரவில் பாத்திரம் துடைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, திடீரென்று ஞாபகம் வரும். பிறகு, ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வீட்டில் கட்டிய விமானத்துக்கு இன்னுமொரு சட்டம் இருந்தது. முதல் இருபத்தைந்து மணித்தியாலமும் விமானி தனியாகப் பறக்க வேண்டும், பக்கத்தில் ஒரு குருவியையும் ஏற்றக்கூடாது. அந்தச் சட்டத்தை எழுதியவனை நான் மனதுக்குள் கும்பிட்டேன். மகள்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் பயணி தான்தான் என்று அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அப்பாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆணி கோர்த்தது, தகடு பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் அவளும்தான். இப்போது அவளுக்கு எட்மண்டனில் வேலை கிடைத்திருந்தது, நவம்பரில் போகவேண்டும்.

பறந்த நேரத்தைக் கொப்பியில் எழுதுவதும் என் வேலையாகியது. அவர் வந்து சொல்லுவார், நான் எழுதுவேன். எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், என்ன செய்து பார்த்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் முகம் சாம்பலாகி வந்து சோபாவில் விழுந்தார். என்னவென்று கேட்டேன். "வெயில்," என்றார். மத்தியானம் சாப்பிடவில்லையாம். நேரத்தை மட்டும் சொன்னார். குறிப்புப் பகுதியில் என்ன எழுத என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. வெறுமையா விடும்."

அதற்குப் பிறகு ஒருநாள், "இந்த முறை சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் இல்லை, பழமும் இல்லை. தண்ணி மட்டும்," என்றார். மகள் தூரதேசம் போகிறாள், அதற்காக நேர்த்தி வைக்கிறார் என்று நினைத்தேன். வாயாலும் கேட்டேன், ஓம் என்றார். குளிசையை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அது பழைய கதை, இப்போது உடம்பு பழகிவிட்டது என்றார். நானும் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. வளர்த்தால் தை மாதத்துப் படிவத்தில்தான் போய் நிற்கும்.

மணித்தியாலம் நிறைந்தது. தடை நீங்கியது, ஆள் ஏற்றலாம் என்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை மகளுக்குப் பயணம், சனிக்கிழமை வானம் வெளித்திருந்தது. அன்று விரதத்தின் நாலாம் நாள்.

காலையில் குசினித் தொட்டியடியில் அவர் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைக் கண்டேன்.

"குளிசை போட்டால் சாப்பிடுங்கோப்பா. ஒரு பாண் துண்டாவது."

"சும்மா அலட்டாதையும். பிள்ளை வெளிக்கிட்டு நிக்கிறாள்."

பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் நான் உள்ளே போய் அப்பிள் ஜூஸ் பெட்டி இரண்டு வாங்கி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். குழாய் ஒட்டியிருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிக்கிற சின்னப் பெட்டி. ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் தெரியும், ஆனால் அன்றைக்கு எனக்கு நானே கேட்கவில்லை.

தளத்தில் குளிர் காதைக் கடித்தது. அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முடிந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கவனம் கூடினால் நல்லதுதானே என்று மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குளிரில் அவருடைய மேலுதட்டில் வேர்வை இருந்தது. எஞ்சினை முடுக்குகிற திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "திறப்பு எங்கை? ஆர் எடுத்தது?" என்று பிள்ளையோடு எரிந்து விழுந்தார். கோயிலில் விழுவதற்கு முதலும் இப்படித்தான் ஒன்றுமில்லாததற்குச் சீறினார்.

ஜூஸ் பெட்டியை நீட்டினேன். "விரதம்," என்று என் கையைத் தள்ளினார். "இறங்கினாப் பிறகு பாப்பம்."

பயிற்சி தந்த பெண்மணி பத்தடி தள்ளி, ஒரு கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பத்தடியை நடந்து போய், இந்த மனிசன் இன்றைக்குப் பறக்கக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார். கேட்டால் கோயிலைச் சொல்ல வேண்டும். கோயிலைச் சொன்னால் படிவத்தைச் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்குப் பொய் எழுதியவள் நான் என்று மகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். என் கால் நகரவில்லை. உண்மையைச் சொல்வதைவிட விமானத்தில் ஏறுவது எனக்கு இலேசாக இருந்தது. இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

"நான் முதல் போறன்," என்றேன்.

"அம்மா! சீரியஸ்லி?" மகள் வாயைப் பிளந்தாள். "நீங்க ரோலர் கோஸ்டருக்கே அழுவீங்க. இது என்ர டேர்ன்!"

"ஒரு சுத்து. பிறகு நீ போ. தாலி கட்டினவள் நான், முதல் ஏற எனக்கு உரிமை இல்லையோ?"

சிரிக்கப் பகிடி விட்டுத்தான் ஏறினேன். ஒரு பயணி மட்டும் என்ற சட்டத்தை அன்றைக்கும் கும்பிட்டேன். நான் இருந்தால் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு. இந்த விமானம் வீட்டில் கட்டப்பட்டது, உலகம் ஒத்துக்கொண்ட தரத்துக்கு அமைந்ததல்ல என்று எச்சரிக்கை எழுதியிருந்தது. ஏறுகிறவர் வாசிப்பதற்காகச் சட்டப்படி ஒட்டவேண்டியதாம். அதை நானேதான் கடையில் சொல்லி வெட்டுவித்தேன். விமானத்தைப் பற்றி எழுதியிருந்தது, ஓட்டுகிறவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஏறினோம். அவர் நன்றாகத்தான் ஏற்றினார். புல்தரை விட்டுப் போனது, கார்கள் சின்னதாயின, மகள் கையசைப்பது ஒரு புள்ளியாய்த் தெரிந்து மறைந்தது. தூரத்தில் நகரமும் அந்த நெட்டைக் கோபுரமும், அதற்கு அப்பால் ஏரியும் தெரிந்தன. ஒரு நிமிஷம் எனக்கும் பயம் விட்டது. எவ்வளவு வடிவு என்று காதில் மாட்டியிருந்த கருவியில் சொன்னேன்.

"ஓம்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, எங்கே திரும்பப் போகிறோம் என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.

"என்னப்பா, நான் கேட்டது விளங்கினதோ?"

"ஓம். ஓம்."

திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எதிலும் இல்லை. நாடியால் வேர்வை சொட்டியது. கை விமானத்தைத் திருப்புகிற தடியில் கிடந்தது, பிடித்திருக்கவில்லை. விமானம் இடப்பக்கம் மெல்ல மெல்லச் சரியத் தொடங்கியது. எஞ்சின் ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் எஞ்சின் ஓட ஓடக் கார் நிற்கும்போது கேட்கிற சத்தம்தான் அது. அந்தச் சத்தம் நின்றிருந்தாலாவது இவர் முழித்திருப்பார் என்று எனக்குப் பட்டது.

ஐயோ முருகா என்று கத்தினேன். இடக்கையால் என் பக்கத்துத் தடியைப் பிடித்தேன். கராஜில் வைத்து மகளுக்கு அவர் விளங்கப்படுத்தியது காதில் விழுந்திருந்தது: தடியை இறுக்கிப் பிடிக்காதே, வானமும் தரையும் சந்திக்கிற கோடு நேராய் நிற்கப் பார், மிச்சத்தை விமானம் தானே பார்க்கும். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அது சரிந்து கிடந்தது. தடியை வலப்பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கோடு நேராகியது. பையைத் தடவுவதற்குள் மறுபடி சரிந்தது. வலக்கையால் ஜூஸ் பெட்டியை எடுத்து, பல்லால் குழாயைப் பிரித்துக் குத்தி, அவருடைய வாய்க்குள் வைத்தேன்.

முகத்தைத் திருப்பினார். நினைவே இல்லாத மனிசன், "விரதம்" என்றார்.

"குடியுங்கோ! முருகனிட்டை நான் சொல்லுறன்! குடியுங்கோப்பா!"

பெட்டியை நசித்தேன். பாதி கழுத்தால் வழிந்தது, பாதி உள்ளே போனது. தொண்டை அசைவதைக் கண்டேன். இரண்டாவது பெட்டியையும் அப்படியே. எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கோட்டைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன், கோட்டைப் பார்ப்பேன். கீழே ஒரு வயல், பிறகு ஒரு பெருந்தெரு, பிறகு நிறைய வீடுகள். வீடுகளைக் கண்டபோதுதான் நான் உண்மையில் பயந்தேன். மில்லிக்கனில் இருக்கிற மாதிரி, நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள். சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

"உம்மடை கையை எடும்," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. "நீர் ஏன் தடியைப் பிடிக்கிறீர்?"

எடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கழுத்தைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். விமானத்தைத் திருப்பினார். இறங்கும்போது ஒருதரம் துள்ளி விழுந்தோம், அவ்வளவுதான்.

எஞ்சின் நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "விரதத்தைக் கெடுத்துப்போட்டீர்."

என்ன மனிசனப்பா இது! உயிரோடு இறக்கிக் கொண்டுவந்திருக்கிறேன், இவருக்கு விரதக் கணக்கு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்குள் மகள் புல்லில் ஓடிவந்துவிட்டாள். முகமெல்லாம் பல்.

"எப்பிடி அம்மா? சூப்பரா? ஓகே, இறங்குங்க, இறங்குங்க!"

நான் அவரைப் பார்த்தேன். நிறம் திரும்பியிருந்தது, கை நடுங்கவில்லை. இப்போது யார் பார்த்தாலும் சுகமான மனிசன். அவரும் என்னைப் பார்த்தார். தை மாதத்தில் சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வை. பிறகு மகளிடம், "வா பிள்ளை, ஏறு," என்றார்.

நான் இறங்கவில்லை. அந்த இருக்கையில் இருந்தபடியே, கதிரையில் இருந்த பெண்மணிக்குக் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் கத்தினேன். மேலே இவருக்கு நினைவு தப்பிவிட்டது. போன வருஷமும் தப்பியது. படிவத்தில் இல்லை என்று பொய் போட்டது நான். மூன்று வசனம். முப்பது வருஷத்தில் யாரும் கேட்காமல் நான் ஒரு அதிகாரத்துக்குச் சொன்ன முதல் மூன்று வசனம்.

மகள் ஏறவந்த காலை மெல்லக் கீழே வைத்தாள். "அப்பா?" என்றாள். அவர் முன்னால் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி நடந்துவந்து உள்ளங்கையை விரித்து நீட்டினார். இவர் திறப்பைக் கொடுத்தார். நீங்களே இரண்டு பேருமாக அரசாங்கத்துக்கு எழுதி அறிவியுங்கள், ஒரு கிழமை தருகிறேன், இல்லையென்றால் நான் எழுதுவேன் என்றார் அந்தப் பெண்மணி. பிறகு தன்னுடைய தேத்தண்ணீரை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மகள் போனாள். விமானநிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, அந்த சீற்றில நான் இருந்திருப்பன்," என்றாள். அப்பாவையும் கட்டிப்பிடித்தாள், ஆனால் கொஞ்ச நேரம்தான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சோறு வைப்பேன், அவர் சாப்பிடுவார். கிழமை முடிய ஒருநாள் பின்னேரம், நான் மேசையில் கடதாசியையும் பேனையையும் எடுத்துவைத்தேன். அவர் தானாக வந்து எதிரில் இருந்தார். நான் எழுதத் தொடங்கினேன். பெயர், விலாசம், அனுமதி இலக்கம். என்ன நடந்தது. எப்போது. வசனம் வசனமாக வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார்.

"எத்தினை தரம் எண்டும் சொல்லவேணும்," என்றேன். "கோயிலிலை ஒண்டு, மேலை ஒண்டு. ரெண்டு எண்டு எழுதுறன்."

கேத்தில் கொதித்து நின்றது. அவர் எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு எண்டு எழுதும்," என்றார்.

பேனை நின்றுவிட்டது. அவர் அலமாரியிலிருந்து பறப்புக் கொப்பியை எடுத்துவந்து, என் கையெழுத்தில் இருந்த ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து, குறிப்பு வெறுமையாய் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வரியில் வைத்தார். அதுவும் வெறுமை.

"முதலாவது கொஞ்ச நேரம்தான். மற்றது எவ்வளவு நேரமெண்டு தெரியாது. கண் முழிச்சுப் பாக்கேக்கை கீழை முழுக்க ஏரி. நான் ஏரிப் பக்கம் போகவே இல்லை. பொக்கற்றுக்கை ஒரு இனிப்பு ரொபி கிடந்தது, வாயிலை போட்டன், அதாலை தப்பினன்."

எனக்குக் குரல் கத்தலாகத்தான் வந்தது. "தெரிஞ்சுகொண்டே பிள்ளையை ஏத்த நிண்டனீங்களோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பிள்ளை ஏறேக்கை அப்பிடி வரக்கூடாது எண்டுதானே," என்றார், "இந்த முறை ஆறு நாளும் தண்ணியோடை விரதம் பிடிச்சனான்."

நான் நாலு என்று எழுதினேன்.